படத்தில் ஒன்றும் இல்லையாம்!



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பறை வாசலில் ஒரு நிழல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் தோட்டத்து அக்காள் ஒருவர். பெரிய உறை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

உறைக்குள் இருந்தவை அவருடைய மகனின் மூளையை எடுத்த ஸ்கேன் படங்கள். அந்தப் பையன் என்னிடம் படித்தவன். வாய்ப்பாட்டை யாரும் கேட்பதற்கு முன்பே ஒப்பிப்பான். பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். இருபத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன், அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். யாரும் இல்லாத இடத்தில் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னான். குளிப்பதில்லை, சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிடுவான். அரசாங்க மருத்துவமனையில் மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் ஓரளவு தேறினான். அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

அப்போதுதான் உறவினர் ஒருவர், "மூளைக் கோளாறு என்றால் படம் எடுத்துப் பார்க்காமல் மாத்திரை கொடுக்கலாமா?" என்று கிளப்பிவிட்டார். சீட்டுப் பணத்தை எடுத்துத் தனியார் இடம் ஒன்றில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்காளின் கண் கலங்கியது. "படத்தில ஒண்ணும் இல்லையாம் டீச்சர். அவங்கப்பா, 'நோயே இல்ல, சோம்பேறித்தனம், நடிக்கிறான்'னு சொல்லி மாத்திரையை நிறுத்திட்டாரு. என் தம்பி, 'அப்படின்னா இது செய்வினைதான்'னு சொல்றான். மூணு வாரமாச்சு. பையன் மறுபடியும் கதவைச் சாத்திக்கிட்டான். நான் யாரை நம்புறது?"

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். இதே கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு என்பது எனக்குத் தெரியும். நான் மருத்துவர் அல்லள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு நின்றவள். ஆனாலும் படித்துத் தெரிந்துகொள்வதும் தெரிந்ததைச் சொல்லித் தருவதும் என் தொழில். நான் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

மண்டைக்குள் பார்க்க ஆசைப்பட்ட கதை

1895ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ரோன்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். கை எலும்பு முறிந்தால் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. மூளையோ தெரியவில்லை. எலும்பு கதிரைத் தடுக்கும். வெண்ணெய் போன்ற மூளை தடுப்பதில்லை. ஆகவே மண்டை ஓடுதான் படத்தில் விழுந்தது.

1919இல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வழி கண்டார். நம் மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. முதுகுத்தண்டில் ஊசி குத்தி அந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தினால், காற்று மேலேறி அறைகளை நிரப்பும். எக்ஸ்ரே படத்தில் அறைகளின் வடிவம் தெரியும். நோயாளிக்கு மண்டை பிளக்கும் வலி வரும். அப்படியும் 1927இல் ஜெர்மனியில் யாகோபி, விங்க்லர் என்ற இருவர் மனச்சிதைவு நோயாளிகளை இவ்வாறு படம் எடுத்து, பலருக்கு அந்த அறைகள் பெருத்திருப்பதாக எழுதினார்கள். வலி மிகுந்த அந்த முறையை நலமாக இருப்பவரிடம் செய்து ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால் அந்தச் செய்தி பெரிதாக எடுபடவில்லை.

படம் கிடைக்காத காலத்தில் பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? தாயின் தலையில்தான்! 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், அன்பில்லாமல் அடக்கி ஆளும் தாயே பிள்ளைக்கு இந்த நோயை உண்டாக்குகிறாள் என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதிவைத்தார். அமெரிக்காவில் எத்தனையோ தாய்மார்கள் பல ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். படித்தவர்கள் சொன்னது அங்கே. "நீ வளர்த்த லட்சணம்" என்று படிக்காதவர்கள் சொல்வது இங்கே. இரண்டும் ஒன்றுதான்.

இந்த நிலையை மாற்றிய கருவியைச் செய்தவர் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். இசைத்தட்டு வெளியிட்டுப் பேர் வாங்கிய இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக வேலை செய்தார். பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, கணினியைக் கொண்டு கணக்குப் போட்டால், ரொட்டியைத் துண்டு துண்டாக அரிந்து பார்ப்பதுபோல் மூளையைக் கத்தி இல்லாமலே பார்க்கலாம் என்று காட்டினார். 1971 அக்டோபர் 1ஆம் தேதி இலண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு இந்த சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் ஆலன் கோர்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நடிப்பல்ல என்று காட்டிய படங்கள்

1976இல் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ முதலிய மருத்துவர்கள் இலண்டனை அடுத்த நார்த்விக் பார்க் மருத்துவமனையில் 17 மனச்சிதைவு நோயாளிகளுக்கு இந்த ஸ்கேன் எடுத்து, நலமானவர்களின் படங்களோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் மூளையில் நீர் அறைகள் சராசரியாகப் பெருத்திருந்தன. "மனம்தானே, மூளைக்கு என்ன?" என்றிருந்த மருத்துவ உலகம் அன்று திரும்பிப் பார்த்தது.

1990இல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர் 15 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு மனச்சிதைவு, மற்றவர் நலம். காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து, யார் நோயாளி என்று தெரியாமலே அடையாளம் காணச் சொன்னார்கள். 15இல் 12 ஜோடிகளில் சரியாகக் காட்டிவிட்டார்கள். இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நோய் மூளையில் தடம் பதிக்கிறது என்பது ஒன்று. ஒரே இரத்தம், ஒரே பரம்பரை, ஒரே வீடு என்றிருந்தும் ஒருவருக்கு வந்தது மற்றவருக்கு வரவில்லை என்பது இன்னொன்று. "அந்த வீட்டில் ஒருவனுக்குப் பைத்தியம், பெண் எடுக்காதே" என்று தடுப்பவர்கள் இரண்டாவது செய்தியை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது தலையெழுத்து அல்ல.

காதில் குரல் கேட்கிறது என்கிறார்களே, அது? 1993இல் இலண்டனில் பிலிப் மெக்குவயர் குழுவினர் 12 ஆண்களை, குரல் கேட்கும் வேளையில் ஒரு தடவையும் குரல் நின்றபின் ஒரு தடவையும் படம் எடுத்தார்கள். குரல் கேட்கும்போது, நாம் பேசுவதற்குப் பயன்படும் மூளைப்பகுதியில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. 1999இல் ஜெர்மனியில் மூன்று நோயாளிகளிடம், குரல் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லிப் படம் எடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் ஒலியைக் கேட்பதற்கென்றே இருக்கும் மூளைப்பகுதி அப்போது வேலை செய்துகொண்டிருந்தது.

அப்பாமார்களே, இதை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் மகன் குரல் கேட்கிறது என்றால் அவன் மூளை உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த அறையில் யாரோ வானொலி வைத்ததுபோல அவனுக்குக் கேட்கிறது. அதை அணைக்கும் குமிழ் அவன் கையில் இல்லை. அவனை அடித்தால் குரல் நிற்குமா?

அப்படியானால் அக்காளின் மகன் படம் ஏன் சுத்தம்?

நியாயமான கேள்வி. இதற்கு என் பள்ளிக்கூடத்திலேயே விடை இருக்கிறது.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு வரிசையிலும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு வரிசையிலும் நிறுத்துங்கள். உயரத்தைக் கூட்டி வகுத்தால் ஆறாம் ஆண்டின் சராசரி கூடுதலாக இருக்கும். இது உண்மை. இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையை நிறுத்தி, உயரத்தை மட்டும் சொல்லி, எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்ல முடியுமா? ஐந்தாம் ஆண்டில் நெட்டையும் உண்டு, ஆறாம் ஆண்டில் குட்டையும் உண்டு. கூட்டத்துக்குப் பொருந்தும் உண்மை தனி ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுக்காது.

மூளைப் படமும் இப்படித்தான். 2016இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2,028 மனச்சிதைவு நோயாளிகளின் படங்களையும் 2,540 நலமானவர்களின் படங்களையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஞாபகத்துக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் முதலிய பகுதிகள் நோயாளிகளுக்குச் சராசரியாகச் சிறுத்திருந்தன. நீர் அறைகள் பெருத்திருந்தன. மனச்சோர்வு நோய்க்கும் அதே காலத்தில் 1,728 நோயாளிகளையும் 7,199 நலமானவர்களையும் ஒப்பிட்டார்கள். ஹிப்போகேம்பஸில் கண்ட வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 1.24 விழுக்காடு. நூறு வெள்ளியில் ஒரு வெள்ளி இருபத்து நான்கு காசு! ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிப் பார்த்தால்தான் அது தென்படும். ஒரு பையனின் படத்தைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. இரட்டையர் சோதனையிலோ, பக்கத்தில் வைத்துப் பார்க்க அதே அச்சில் பிறந்த இன்னொரு மூளை இருந்தது. நமக்கு அந்த வசதி ஏது?

ஆகவே இன்றுவரை மனச்சிதைவையோ மனச்சோர்வையோ ஸ்கேன் படத்தைக் கொண்டு உறுதி செய்யும் முறை இல்லை. மருத்துவர் நோயாளியோடு பேசி, வீட்டாரைக் கேட்டு, நடந்ததைக் கவனித்துத்தான் முடிவு செய்கிறார். பிறகு ஏன் சில வேளைகளில் மருத்துவரே படம் எடுக்கச் சொல்கிறார்? மூளையில் கட்டி, இரத்தக் கசிவு, அடிபட்ட காயம் போன்றவையும் ஒருவரின் புத்தியை மாற்றக்கூடும். அவை இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். "ஒன்றும் இல்லை" என்றால் கட்டி இல்லை, கசிவு இல்லை என்று பொருள். நோயே இல்லை என்று பொருள் அல்ல.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மரம் பார்க்க நெடுநெடுவென்று நிற்கும், இலை பச்சையாக இருக்கும், பட்டையில் காயம் இருக்காது. கத்தியை வைத்துக் கீறினால் பால் வராது. அந்த மரத்தைப் படம் பிடித்து, "பாருங்கள், நல்ல மரம்" என்று காட்டினால் வெட்டுபவர் ஒப்புக்கொள்வாரா? மங்கு காய்ந்து கிடப்பதைத்தான் அவர் பார்ப்பார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையைப் பார்த்த பிறகு படம் எதற்கு?

செத்த மீன் யோசித்த கதை

படத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பகுதிகள் ஒளிர்வதைக் காட்டி, "உங்கள் பிள்ளையின் கோளாறு இங்கே இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

2009இல் அமெரிக்காவில் கிரேக் பென்னட் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் காட்டினார்கள். கணக்கைச் சரியாகத் திருத்தாமல் போட்டபோது, செத்த மீனின் மூளை "யோசிப்பதாக" ஒரு புள்ளி ஒளிர்ந்தது! திருத்திப் போட்டதும் புள்ளி மறைந்தது. அந்த வண்ணங்கள் கேமராவில் பிடித்த நிறம் அல்ல. கணினி போட்ட கணக்கு. கணக்கு தவறினால் செத்த மீனும் சிந்திக்கும். 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மூளைப் படத்தையும் மனிதரின் குணத்தையும் இணைத்து நம்பகமாகப் பேச வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்களின் படங்கள் தேவை என்று காட்டியது. ஆகவே நம் சீட்டுப் பணத்தை வண்ணப் படத்துக்குக் கொட்ட வேண்டாம்.

மாத்திரையும் பேச்சும் மூளையைத் தொடும்

படத்தால் நமக்கு என்னதான் பயன் என்று கேட்பீர்கள். இரண்டு பயன்களைச் சொல்கிறேன்.

மூளையில் டோபமின் என்றொரு பொருள் செய்தி கொண்டுபோகிறது. மனச்சிதைவில் அதன் ஓட்டம் சில இடங்களில் அளவு மீறுகிறது. 1988இல் சுவீடன் நாட்டு லார்ஸ் ஃபார்டே குழுவினர், மாத்திரை சாப்பிடும் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தார்கள். டோபமின் வந்து அமரும் இடங்களில் 65 முதல் 85 விழுக்காட்டை மாத்திரை அடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். பூட்டில் சாவி நுழையாதபடி மெழுகு வைத்ததுபோல. மாத்திரையை நிறுத்தினால் மெழுகு கரைந்துவிடும். நோய் திரும்புவதற்கு அதுவே வழி. மாத்திரையால் உடல் கனத்தாலோ கை நடுங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், வேறு மாற்றுவார். நாமாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, பேச்சின் பலன். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, பூட்டிய கதவை நூறு தடவை இழுத்துப் பார்ப்பது என்றொரு நோய் உண்டு. 1992இல் அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர், இந்நோயாளிகளில் சிலருக்கு மாத்திரையும் சிலருக்குப் பேச்சுப் பயிற்சியும் கொடுத்து, முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். மூளையில் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருந்த ஒரு பகுதி, குணமடைந்தவர்களுக்கு இரண்டு வழியிலும் அடங்கியிருந்தது. மூளை கல் அல்ல. பொறுமையான பயிற்சியும் அதை மாற்றும். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதில் வியப்பில்லை.

நாம் செய்ய வேண்டியது

நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அண்ணன் ஒருவர் தனக்குத்தானே பேசுவார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம், "தஞ்சோங் ரம்புத்தான், தஞ்சோங் ரம்புத்தான்" என்று கத்திக்கொண்டு ஓடுவோம். பேராக் மாநிலத்தில் 1911இல் மனநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட மருத்துவமனை இருக்கும் ஊர் அது. அந்த மருத்துவமனைக்கு இன்று 'பஹாகியா' என்று பெயர். மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள். ஊரின் பெயரை வசவாக்கிய நாங்கள்தான் அந்த அண்ணனின் மகிழ்ச்சியைக் கெடுத்தோம். அவருடைய அம்மா எங்களைத் திட்டவே இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்த முகம் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நம் வீட்டு வாயையாவது மூடுவோம். பிள்ளை ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், இல்லாத குரல் கேட்டால் காலம் கடத்தாமல் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். நோயைக் கவனிக்காமல் விட்ட காலம் நீள நீளத் தேறுவது கடினமாகிறது. சாக வேண்டும் என்று பேசினால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. நானும் போகிறவள்தான். திருநீறு நெற்றியில் இருக்கட்டும், மாத்திரை வயிற்றுக்குள் போகட்டும்.

அக்காளிடம் இவ்வளவையும் சொன்னேன். "இதை என் வீட்டுக்காரர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரச் சொன்னேன். வந்தார். கையைக் கட்டிக்கொண்டு வகுப்பறை வாசலிலேயே நின்றார். பால்மரத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் தலை நிமிர்ந்தது. இருபது ஆண்டு மரம் வெட்டியவர் அவர். "எந்த மரம் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு ஓய்வு குடுத்துப் பாக்கணும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலையில் அவரே வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மகனை மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மாத்திரை மீண்டும் தொடங்கியிருக்கிறது. பையன் இன்னும் முழுதாகத் தேறவில்லை. குரல் ஓயவில்லை, சற்றுத் தூரம் போயிருக்கிறதாம். நேற்று மாலையில் அம்மாவோடு சேர்ந்து வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "வணக்கம் டீச்சர்" என்றான்.

அந்தப் பெரிய உறை இன்னும் என் மேசை அறையில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம். அதுவரை, நம் லயத்தில் கதவு சாத்திய வீடு ஒன்று இருந்தால், ஒரு நாள் போய்த் தட்டிப் பாருங்கள்.